டீக்கடையில் சாட்சி சொல்வது எப்படி? வார்த்தை தெரிந்தவர்கள் உதவுங்கள்

யாங்கோன் தம்பி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் மைக் கொடுத்தால் அரைமணி நேரம் சாட்சி, அதாவது விசுவாசத்துக்கு வந்த கதையை, சொல்லிவிடலாம். டீக்கடையில் பக்கத்து முக்காலியில் இருக்கும் பர்மாக்காரரோ, நம்ம இந்துக் கோயில் வீட்டுப் பிள்ளையோ "நீங்க ஏன் சர்ச்சுக்குப் போறீங்க?" என்று கேட்டால் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது? பாதிப் பேச்சு பர்மியத்தில்தான் நடக்கும்.

மோல்மேன் அண்ணன்:
தம்பி, பைபிளில் அப்போஸ்தலர் 26-ஐப் பிரித்துப் பாருங்கள். அகிரிப்பா ராஜாவிடம் பவுல் 4 முதல் 11 வரை பழைய வாழ்க்கையைச் சொல்கிறார், 12 முதல் 18 வரை தமஸ்கு வழியில் இயேசுவைச் சந்தித்ததை, 19-லிருந்து அதற்குப் பிறகு. இந்த மூன்று துண்டு போதும். 150, 200 சொல்லுக்குள் எழுதி, வாய்விட்டுச் சொல்லி நேரம் பாருங்கள். இரண்டு நிமிஷம் தாண்டினால் வெட்டுங்கள்.

கெடுவது முதல் துண்டில்தான். குடி, சீட்டாட்டம், அடிதடி என்று நேரமெல்லாம் அதிலேயே போய்விடும், கேட்டவருக்கும் அதுதான் மனசில் நிற்கும். அதற்கு மூன்று வாக்கியம் தாராளம். கடைசித் துண்டில் "சமாதானம் கிடைத்தது" என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொடுக்கிறேன்" என்றால் தெரியும். பிறவிக் கிறிஸ்தவர்கள் பழைய கதையை இட்டுக்கட்ட வேண்டாம். அப்பா அம்மா கூட்டிப் போனதால் போன பிள்ளைக்கு அது எப்போது சொந்த நம்பிக்கையானது என்பதே சாட்சி.

தன்லின் டீச்சரம்மா:
பர்மியத்தில் வெறும் "பயா" என்றால் புத்தர், பகோடாவும் அதுதான். "பயா எனக்கு உதவினார்" என்றால் அவர் மனசு ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும். கடவுளுக்கு "பயா தகின்" என்று முழுசாகச் சொல்லுங்கள். "அப்யிட்" பாவத்துக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல். "நாம எல்லாரும் அப்யிட் உள்ளவங்க" என்று ஆரம்பித்தால், "நான் யார் வீட்டில் திருடினேன்?" என்பார். உங்கள் மேல் வைத்தே பேசுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வம்பு "மறுபடியும் பிறந்தேன்". பௌத்தருக்கும் நம் இந்துக்களுக்கும் மறுபிறவி அறுக்க வேண்டிய கட்டு, அதைப் பாக்கியம் என்றால் முழிப்பார்கள். "நித்திய ஜீவன்" என்பதும் முடிவே இல்லாத பிறவிச் சுழல் போலக் கேட்கும். "உள்ளுக்குள்ள புது மனுஷனானேன்", "கடவுளை விட்டுப் பிரியமாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். சர்ச்சுக்குப் போவது "குதோ" சேர்க்க, அதாவது புண்ணியத்துக்கு, என்று அவரே முடிவு கட்டிவிடுவார். அங்கே மட்டும் நின்று, "நான் சம்பாதிச்சது இல்ல, இனாமாக் கிடைச்சது" என்று சொல்லத்தான் வேண்டும்.

பரிசுத்த ஆவியைப் பெற்றதைச் சொல்ல, கோயில் வீட்டாரிடம் "அபிஷேகம் பெற்றேன்" வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு அது பாலும் இளநீரும்!

பழைய ரயில்வேக்காரன்:
அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். எழுதுங்கள், ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒப்புவித்தால் டீக்கடையில் உடனே தெரிந்துவிடும். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813-ல் ரங்கூனுக்கு வந்தார். 1819-ல் பாதையோரம் ஒரு ஸயாத், நம் ஊர்ச் சாவடி மாதிரி, கட்டி உட்கார்ந்து போகிறவர் வருகிறவரோடு பேசினார். அவர் மூலம் முதல் பர்மாக்காரராக மவுங் நௌ ஞானஸ்நானம் பெற்றது அந்த ஜூனில்தான், வந்து ஆறு வருஷம் கழித்து. சாவடியில் பிடிக்காதவர் எழுந்து போகலாம். அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, மேசையில் இருக்கும் வெறும் தேயிலைத் தண்ணீரை அவர் கோப்பையில் ஊற்றுங்கள். அவர் கிரிக்கெட்டுக்கோ அரிசி விலைக்கோ போனால் நீங்களும் போங்கள்.

உங்களிடம் கூலி வாங்குகிறவரிடமும் கடன் பட்டவரிடமும் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்களால் எழுந்து போக முடியாது. நோயாளியிடம் உங்கள் நோய் சுகமான சாட்சியைச் சொன்னால் "மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று சேர்த்தே சொல்லுங்கள். புத்தரையோ நட் தெய்வங்களையோ இழுத்து ஒப்பிடாதீர்கள். மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது இங்கே தண்டனைச் சட்டம் 298-ன்படி குற்றம், அதற்கு முன்னால் நட்பே போய்விடும்.

யாங்கோன் தம்பி:
மூவருக்கும் நன்றி. டீச்சரம்மா, "சாட்சி"க்குப் பர்மியத்தில் என்ன சொல்வது?

தன்லின் டீச்சரம்மா:
"தெத்தே". கோர்ட்டில் கூண்டேறும் சாட்சியும் அதேதான் தம்பி. டீக்கடையில் அந்த வார்த்தையே எடுக்காமல் "எனக்கு நடந்ததைச் சொல்றேன்" என்று ஆரம்பியுங்கள்.