புதுப்பிப்பு: நியூயார்க்கில் இல்லாமற்போன 2:30 மணி

2024 மார்ச் 10 அன்று நியூயார்க் நேரப்படி அதிகாலை 2:30க்கு ஓட வேண்டிய எங்கள் அறிக்கைப் பணி (தானாக அறிக்கை தயாரிக்கும் நிரல்) ஏன் ஓடவில்லை என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்தி வைக்கும் கோடைக்கால நேரம் தொடங்கிய அன்று, கடிகாரம் 1:59இலிருந்து நேராக 3:00க்குத் தாவியதால் 2:30 என்ற நேரமே அங்கு இருக்கவில்லை. எங்கள் நிரலோ உள்ளூர்க் கடிகாரம் சரியாக 2:30 காட்டும் கணத்திற்காகக் காத்திருந்து, அது வராமலேயே அந்த நாளைக் கடந்துவிட்டது.

இப்போது, தாவலுக்கு முன் நடப்பிலிருந்த வேறுபாட்டை, யூடிசி எனும் உலகப் பொது நேரத்திலிருந்து நியூயார்க் நேரம் விலகியிருந்த அளவை, அதாவது கழித்தல் 5 மணியைக் கொண்டே கணக்கிடுகிறோம். எனவே 2:30 என்பது யூடிசி 7:30 ஆகி, உள்ளூரில் 3:30 ஆக விழுகிறது. ஜாவா நிரல்மொழியின் நேர நூலகமும் இயல்பாக இதையே செய்கிறது. பைத்தான் நிரல்மொழியோ பிழை எதுவும் எழுப்பாமல் 2:30ஐ அப்படியே ஏற்றுக்கொள்வதால், யூடிசிக்கு மாற்றி, மீண்டும் உள்ளூர் நேரத்திற்குத் திருப்பி, ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த மௌனம் எனக்கு உவப்பாக இல்லை.

எப்போதும் ஒரு மணி நேரத்தைக் கூட்டினால் போதும் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் தாவல் அரை மணி நேரமே. பயனர் தாமே உள்ளிடும் சந்திப்பு நேரங்களை மட்டும் நகர்த்தாமல், அப்படியொரு நேரம் அன்று இல்லை என்று தெரிவித்து, வேறு நேரம் கேட்கிறோம்.