வி.ஆர். (மெய்நிகர் உலகம்) நடையில் காற்று, பலகை: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஒயிட்ஃபீல்டு வாசி:
இங்கே பெங்களூரில் ஒரு விளையாட்டுக் கூடத்தில், கண்ணை மூடி மெய்நிகர்க் காட்சி காட்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியபடி மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தே நிமிடத்தில் குமட்டியது. அங்கிருந்த பையன் எதிரே டேபிள் ஃபேனைப் போட்டதும், முகத்தில் அடித்த காற்றை நம்பி உடல் உண்மையிலேயே முன்னேறுவதாக எண்ணிக்கொண்டது. குமட்டலும் ஓரளவு தணிந்தது. பள்ளத்தின் விளிம்பில் ஜாய்ஸ்டிக்கை விட்டேன். காட்சி நின்றது, ஃபேன் நிற்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பள்ளத்துக்குள் வழுக்குவதுபோல் தோன்றி, பையனின் சட்டையைப் பற்றி இழுத்ததில் பித்தான் ஒன்று கையோடு வந்துவிட்டது. அது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஜெயநகர்க்காரர்:
காற்றால் குமட்டல் தணிந்தது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நகர்கிறோம் என்று கண் சொல்ல, அசைவே இல்லை என்று உடலின் அசைவை உணரும் உள்காது சொல்வதால் வரும் தொல்லை அது. காலை அசைத்து நடந்தால்தான் தீரும். 1999-இல் உசோ, ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் வி.ஆரில் உண்மை நடை, நின்ற இடத்திலேயே நடத்தல், பொத்தானை அழுத்திப் பறத்தல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, உண்மை நடையே எளிதாகவும் இயல்பாகவும் தெரிந்தது. என் கதை சிறியது. ஹெட்செட்டுக்குள் இருபதாவது மாடி, காலடியில் தரையில் கிடந்த சாதாரண மரப்பலகை. பெருவிரல் அதன் விளிம்பைத் தாண்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை அங்குல மரவிளிம்பைக் காலடியில் வைத்துச் சோதித்தபோதும் இதயத்துடிப்பு கூடியிருக்கிறது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாடகைதாரர்:
ஜெயநகர்க்காரர் நடக்கச் சொல்கிறார், எங்கே நடப்பது? எங்கள் கூடத்தில் நான்கு எட்டு வைத்தால் பீரோ. காட்சியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, நடப்பவரை அவரறியாமல் வளைத்து நடக்கவைக்கும் முறையை 2001-இல் ரசாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் முன்வைத்தார்கள். ஆனால் வளைவது தெரியாமலிருக்க ஏறக்குறைய 22 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வேண்டும் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் அளந்தார்கள். பெங்களூரில் அவ்வளவு பெரிய கூடத்துக்கு வாடகை கொடுப்பவர் ஹெட்செட்டுக்குள் ஏன் நடக்கப் போகிறார்? நான் கட்டில்காலில் முழங்காலை இடித்துக்கொண்டதோடு என் அனுபவம் முடிந்தது. எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன்: நடுவில் ஒரு தேங்காய்நார் மிதியடியைப் போட்டு வெறுங்காலுடன் நில்லுங்கள், சொரசொரப்பு மாறினால் எல்லை தாண்டிவிட்டதைப் பாதமே சொல்லிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மாட்டாதீர்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். ஃபேன் வைத்தால், காட்சி நிற்கும்போது அதுவும் நிற்கும்படி இணையுங்கள்.

ஒயிட்ஃபீல்டு வாசி:
மிதியடி பற்றி நான் கேட்கவில்லை, ஆனாலும் நன்றி. ஃபேனை நிறுத்தாதது அந்தப் பையனின் தவறென்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஜாய்ஸ்டிக்கை நான் விட்டது அவனுக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை பித்தானை எடுத்துக்கொண்டு போகிறேன்.