வேதியியல் பிஎச்.டி. தேடுகிறவர்களுக்கு: பல்கலைக்கழகத்துக்கு முன்னால் கைடைப் பாருங்கள்

வெளிநாடு வந்த புதிதில் ‘வேதியியல் பிஎச்.டி.க்கு எங்கே சேரலாம்?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மாஸ்டர்ஸ் முடிக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். கணவர் அல்லது மனைவியின் வேலைக்காக வந்து, எம்.எஸ்சி. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் இன்னொரு பக்கம். எல்லோரும் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். அதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அட்மிஷன் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஆனால் அடுத்த நாலைந்து வருடம் உங்கள் பொழுது எப்படிப் போகும் என்பது ஒரே ஒரு கைடின், அதாவது உங்கள் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரின், கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடே சேரலாம், ஐந்து ஆறு வருடம் ஆகும். கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடி, மாதாமாதம் ஸ்டைபெண்டும் (செலவுக்கான உதவித்தொகை) உண்டு. பதிலுக்கு இளநிலை மாணவர்களின் லேப் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பொதுவாக முதலில் துறையில் சேர்த்துக்கொள்வார்கள். கைடைத் தேர்ந்தெடுப்பது வந்து சில மாதம் கழித்துத்தான். நீங்கள் மனதில் வைத்திருப்பவரிடம் அந்த வருடம் இடமோ பணமோ இல்லாமல் போவது சகஜம். அதனால் உங்களுக்குப் பிடித்த கைடு மூன்று பேராவது இல்லாத துறைக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஜெர்மனியில் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். சம்பளம் டிவி-எல் இ13 (ஜெர்மன் மாநில அரசு ஊழியர் சம்பளப் படிநிலை) அட்டவணைப்படி என்று போட்டிருக்கும். உடனே முழுத் தொகையை மனக்கணக்கு போட்டுவிடாதீர்கள். வேதியியலில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்குக்கு ஒப்பந்தம் போடுவது சாதாரணம். வேலை என்னவோ முழு நாள்தான். எத்தனை சதவீதம், எத்தனை மாதம் என்று நேராகவே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் மூன்று, நான்கு வருடத்தில் முடிகிறது, ஆனால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். உள்ளூர் மாணவர் கட்டணத்தை மட்டும் ஈடுகட்டும் உதவித்தொகைகளும் உண்டு. மீதியை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வேதியியல் ஆராய்ச்சிக்கு ஏடாஸ் என்ற அரசுப் பாதுகாப்பு அனுமதி வாங்கிய பிறகுதான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

சரி, துணையோடு வந்தவர்களுக்கு விசா விஷயம். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் முழுநேரம் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் ஸ்டைபெண்டுக்கு உழைக்க முடியாது. மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும். மாணவரின் துணைக்கான எஃப்-2வில் இருப்பவர்கள் பட்டப்படிப்பை முழுநேரமாகப் படிக்கவே முடியாது. ஐரோப்பாவில் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் இடங்கள் நல்ல சம்பளத்தோடு வரும். அதில் ஒரு நிபந்தனை பலருக்குத் தெரிவதில்லை: வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. நெதர்லாந்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டால் நெதர்லாந்து இடம் கிடையாது, பக்கத்து பெல்ஜியத்தில் கிடைக்கும். ‘மொழி படித்துவிட்டு மெதுவாகப் பார்க்கலாம்’ என்று இருப்பவர்கள் காலண்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கைடின் பணநிலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அரசு அமைப்பான என்எஸ்எஃப்பின் தளத்திலும், மருத்துவ ஆராய்ச்சிக்கான என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர் தளத்திலும், ஜெர்மனிக்கு அங்குள்ள ஆராய்ச்சி நிதி அமைப்பான டிஎஃப்ஜி நடத்தும் கெப்ரிஸ் தளத்திலும் ஆராய்ச்சி நிதி விவரம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைப் போட்டால் எந்தத் திட்டம் என்று வந்துவிடும், அமெரிக்கத் தளங்களில் எப்போது முடிகிறது என்பதும் இருக்கும். இருக்கிற ஒரே திட்டம் அடுத்த வருடம் முடிகிறது என்றால், அதன் பிறகு எந்தப் பணத்தில் மாணவர்களை வைத்திருப்பீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் தீர்ந்தால் வருடம் முழுக்க வகுப்பெடுத்தே ஸ்டைபெண்ட் வாங்க வேண்டியிருக்கும், சொந்த ரியாக்‌ஷன் போட நேரம் இருக்காது.

அப்புறம், குழுவின் இணையப்பக்கத்தில் பழைய மாணவர்கள் பட்டியல். யார் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து வருடம் முந்தைய கட்டுரைகளில் பெயர் இருந்து, பட்டியலில் காணாமல் போனவர்கள் நிறைய இருந்தால் விசாரியுங்கள். நான் ஒரு கைடைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைத்தான் முதலில் பார்ப்பேன், அவருடைய எச்-இண்டெக்ஸை (கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் எண்) அப்புறம்தான்.

நீங்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பதால், ரயில் தூரத்தில் இருக்கிற லேபை நேரில் பார்த்துவிடலாம். மின்னஞ்சல் அனுப்பி அரை நாள் கேளுங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு கேள்வி கேட்டு ஐந்தாறு வரி போதும். போன பிறகு, சிந்தெசிஸ் (சேர்மங்களைத் தயாரிக்கும்) லேப் என்றால் ஒரு ஃபியூம் ஹூடை (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் அடைப்பு மேசை) எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று எண்ணுங்கள். சேர்மத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் என்எம்ஆர் கருவியில் மாணவர்களே ராத்திரியிலும் சாம்பிள் போடலாமா, இல்லை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டுமா? ஹூடின் மூலையில் லேபிள் இல்லாத குடுவைகள், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குரோமட்டோகிராஃபி காலம் (கலவையைப் பிரிக்கும் குழாய்) ஓட்டுகிறவர் என்று கண்ணில் பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக லேபில், காற்றுப் பட்டாலே எரியும் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியம் தீப்பிடித்து, 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் சில வாரங்களில் இறந்தார். அவர் அப்போது லேப் கோட் போட்டிருக்கவில்லை.

கைடு இல்லாத நேரத்தில் மாணவர்களோடு சாப்பிடப் போங்கள். ‘கைடு எப்படி?’ என்றால் ‘நல்லவர்’ என்றுதான் பதில் வரும். கட்டுரையின் டிராஃப்டைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், கடைசியாக லீவு எடுத்தது எப்போது, யாராவது பாதியில் குழு மாறினார்களா, அப்போது அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்த லேபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.