பழைய ஜாவா புராஜெக்ட்: காணாமல் போன ஜார்களை லிப் ஃபோல்டரில் போடுவதா, மேவனுக்கு மாற்றுவதா?

குலசேகரம் தம்பி:
எங்கள் ஊரில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் இப்போது என் கையில் வந்திருக்கிறது. ஜாவா 8 காலத்துக் கோடு, என் லேப்டாப்பில் இருப்பது ஜாவா 17. எக்லிப்ஸில் (கோடு எழுதும் மென்பொருள்) திறந்தால் எல்லா ஃபைலிலும் சிவப்புக் கோடு. பில்ட் பாத்தில் லிப் என்று ஒரு ஃபோல்டர் பெயர் இருக்கிறது, ஃபோல்டரைத்தான் காணோம். எக்செல் ஃபைலுக்கான அப்பாச்சி பிஓஐ இல்லை, டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல் டிரைவர் இல்லை, ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் என்று ஒரு பேக்கேஜே இல்லை என்கிறது. இந்த ஜார்களை (ஜாவா லைப்ரரிகளைக் கட்டி வைத்த ஃபைல்கள்) ஒவ்வொன்றாகத் தேடி இறக்கவா, வேண்டிய லைப்ரரிகளைத் தானே இறக்கித் தரும் மேவனுக்கு மாற்றவா?

தக்கலை அண்ணாச்சி:
தம்பி, நெட்டில் எதையும் தேடாதே. கடையில் அந்த மென்பொருள் இன்றைக்கும் ஓடுகிறது அல்லவா? அப்படியானால் எல்லா ஜாரும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. பென்டிரைவில் எடுத்து வந்து லிப்பில் போட்டுக் கோடோடு சேர்த்து கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைப்பது) ஏற்றிவிடு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த நாள் மறந்திருக்காது. பல நாள் கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. ஜெனரேட்டரை வைத்து நாங்கள் ஒரு வேலையை முடித்துக் கொடுத்தோம் என்றால், வேண்டியதெல்லாம் லிப்பிலேயே இருந்ததுதான் காரணம்.

மார்த்தாண்டம் அக்கா:
அண்ணாச்சி, கடையிலிருந்து எடுக்கச் சொன்னது நல்ல யோசனை, அதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடுத்ததை லிப்பில் போட்டு மூடிவைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாக் எழுதும் லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு புராஜெக்ட்டின் லிப்பில் வெறும் லாக்4ஜே.ஜார் என்று ஒரு ஃபைல், எந்த வெர்ஷன் என்று பெயரில் எதுவும் இல்லை, வேறொரு ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொன்று, எது லோடு ஆகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. மேவனின் பாம் ஃபைலில் (எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்ற பட்டியல்) எழுதி வைத்திருந்தால் டிபென்டென்சி ட்ரீ கமாண்டு ஒன்று போதும், யார் யாரை இழுத்து வந்தார்கள் என்று சொல்லிவிடும். பிஓஐ கல்யாணத்துக்கு வருகிற உறவுக்காரர் மாதிரி, தனியாக வராது. பிஓஐ ஓஓஎக்ஸ்எம்எல் கேட்டால் எக்ஸ்எம்எல்பீன்ஸ், காமன்ஸ் கம்ப்ரெஸ் எல்லாம் கூடவே வேண்டும். கையால் போட்டால் ஒன்று விட்டுப்போகும், கம்பைல் சுத்தமாக முடியும், கடைக்காரர் எக்செல் பட்டனை அமுக்கும்போதுதான் கிளாஸைக் காணோம் என்று நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் வரும்.

தக்கலை அண்ணாச்சி:
நெட் போனால்? சர்வரையே மூடினால்? லைப்ரரிகளை வைத்திருந்த ஜேசென்டர் சர்வரை மூடப்போகிறோம் என்று 2021 பிப்ரவரியில் அறிவித்தபோது அதை நம்பியிருந்தவர்கள் ஓடியாடியதை நானும் பார்த்தேன்.

மார்த்தாண்டம் அக்கா:
ஜேசென்டர் விஷயம் உண்மைதான். மேவன் லைப்ரரிகளை இறக்கும் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரலில் ஒருமுறை ஏற்றிய வெர்ஷனை மாற்றவோ எடுக்கவோ விடுவதில்லை, அதனால் அங்கே இருப்பதை மட்டும் நம்பலாம். நெட் இல்லாத நாளுக்கு கோ-ஆஃப்லைன் கமாண்டை முன்கூட்டியே ஓட்டிவிட்டால் எல்லாம் நம் கம்ப்யூட்டரில் இருக்கும் .எம்2 ஃபோல்டரில் வந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் நெட் இல்லாமலே ஹைஃபன் ஓ (-o) போட்டு பில்ட் பண்ணலாம்.

தக்கலை அண்ணாச்சி:
அதையும் செய்து பார்த்தவன்தான் நான். கோ-ஆஃப்லைன் ஓட்டினேன், நெட்டை நிறுத்தினேன், டெஸ்ட் ஓடும் இடத்தில் அதை ஓட்டும் மேவன் ப்ளகின் ஷ்யூர்ஃபயர் தன்னுடைய ஜேயூனிட் ப்ரொவைடரைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

மார்த்தாண்டம் அக்கா:
ஆமாம், அந்தக் குறை இருக்கிறது. நெட் இருக்கும்போதே ஒருமுறை டெஸ்ட் வரை முழு பில்டையும் ஓட்டிவிடுங்கள், அது தீரும். தம்பி, உனக்கு இன்னொன்று: ஒரு லைப்ரரி இல்லை என்று மேவன் ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால் பெயரைத் திருத்தாமல் எத்தனை தடவை ஓட்டினாலும் உடனே மறுபடி தேடாது, ஹைஃபன் யூ (-U) போட வேண்டும்.

குளச்சல் கடற்காற்று:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் காணாமல் போன ஜார் இல்லை. ஜாவா 8 காலத்தில் ஜேடிகே என்ற ஜாவா தொகுப்புக்குள்ளேயே இருந்தது, 2018-இல் வந்த ஜாவா 11-இல் எடுத்துவிட்டார்கள். கடைக் கம்ப்யூட்டரின் லிப்பில் தேடினாலும் கிடைக்க வாய்ப்பு குறைவு. ஜகார்த்தா எக்ஸ்எம்எல் பைண்ட் ஏபிஐ 2.3.3-ஐயும், கூடவே ஜேஏஎக்ஸ்பி (JAXB) ரன்டைம் 2.3 வரிசையில் ஒன்றையும் சேர்த்தால் போதும். புதியது நல்லது என்று 3 அல்லது 4 போட்டுவிடாதே, அதில் பேக்கேஜ் பெயரே ஜகார்த்தா என்று மாறிவிட்டது, பழைய இம்போர்ட் எதுவும் சேராது.

குலசேகரம் தம்பி:
அண்ணே, நேற்று அதைத்தான் செய்தேன்! 4.0 போட்டுவிட்டு அதே எரர் ஏன் வருகிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். 2.3.3-க்கு மாற்றியதும் அந்தச் சிவப்பெல்லாம் போய்விட்டது. இன்று கடைக்குப் போய் 23 ஜார் எடுத்து வந்தேன். ஐந்தில் பெயரில் வெர்ஷன் இல்லை.

மார்த்தாண்டம் அக்கா:
ஜார் என்பது ஒரு ஜிப்தான், திறந்து மெட்டா-இன்ஃப் உள்ளே மேனிஃபெஸ்ட், பாம் ப்ராப்பர்ட்டீஸ் இரண்டையும் பார். இல்லையென்றால் ஜாரின் ஷா1 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) கணக்கிட்டு சென்ட்ரலில் தேடு, பெயரை மாற்றி வைத்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஓடிக்கொண்டிருந்த அதே வெர்ஷனையே பாமில் எழுது, புதுப்பிப்பதைப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

குலசேகரம் தம்பி:
நான்கு கிடைத்துவிட்டது அக்கா. ஐந்தாவது லேபிள் பிரின்டருக்கு அந்த மென்பொருளை எழுதியவரே எழுதியது போல, சென்ட்ரலில் இல்லை.

தக்கலை அண்ணாச்சி:
அதற்கு லிப்தான்.

மார்த்தாண்டம் அக்கா:
அந்த ஒன்றுக்கு மட்டும், புராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு ரெப்போ ஃபோல்டர் வைத்து, பெயரும் வெர்ஷனும் கொடுத்து, பாமிலும் எழுதி. அந்த ஃபோல்டர் கிட்டில் ஏறலாம் அண்ணாச்சி, அதில் எனக்கு வழக்கில்லை.

தக்கலை அண்ணாச்சி:
சரி. ஆனாலும் தம்பி, அந்த 23-ஐயும் பென்டிரைவிலிருந்து அழித்துவிடாதே.