மறு: டைனோசர் பூங்கா விளையாட்டுல அப்கிரேடுக்கு என்ன சொல்? (தொடக்க விலங்குகளுக்கான யோசனைகளோட)

வணக்கம் எல்லாருக்கும்,

இழை நீளமா போயிடுச்சு, எல்லா மடலையும் மேலருந்து கீழ வரைக்கும் படிச்சுட்டுதான் எழுதறேன். நாம எழுத நினைக்கிறது ரெண்டு விஷயம், ஒண்ணு இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு தமிழ்ல ஒரு கையேடு, இன்னொண்ணு ஆரம்பத்துல கிடைக்குற விலங்குங்க பாதி ஆட்டத்துலயே யாரும் சீண்டாம போயிடுதே, அதுகளுக்கு என்ன அப்கிரேடு குடுக்கலாம்னு ஒரு யோசனைப் பட்டியல். ரெண்டுக்கும் முட்டுக்கட்டையா நிக்குறது அந்த ஒரே சொல்தான், அதனால அதுலருந்தே ஆரம்பிக்கறேன்.

> போன்ல எல்லாம் ‘மேம்படுத்தல்’னு இருக்கே, அதையே போட்டுட்டு போலாமே, எதுக்கு புதுசா ஒண்ணு?

தம்பி, போன்ல அப்டேட்டுக்கும் மேம்படுத்தல்தான், அப்கிரேடுக்கும் மேம்படுத்தல்தான், இம்ப்ரூவ்மென்ட்டுக்கும் அதேதான். போன்ல பரவால்ல, பட்டனை தட்டுனா ஏதோ ஒண்ணு நல்லா ஆகும்னு புரிஞ்சா போதும். இங்க அப்படி விட முடியாது, ஏன்னா அப்கிரேடுன்னு ஒரே பேர்ல நாலு வெவ்வேற வேலை நடக்குது, ஒவ்வொண்ணுக்கும் செலவு வேற, விளைவு வேற.

ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன் எடுத்துக்குங்க, ஃப்ரான்டியர் கம்பெனி 2018-ல விட்டது. அதுல முட்டை பொரிக்கிற ஆய்வுக்கூடத்துக்கு வேகத்தை கூட்டலாம், அது கட்டடத்துக்கு செய்யறது. விலங்குக்கு செய்யறது அப்படி இல்ல, முட்டைக்குள்ள போறதுக்கு முன்னாடியே மரபணுவுல கை வெச்சாகணும், ஆயுள் கூட்டு, தாக்குற பலம் கூட்டு, தோல் நிறத்தை மாத்துன்னு. வெளிய வந்து மேய்ஞ்சுக்கிட்டு இருக்குற விலங்கை பிடிச்சு இதெல்லாம் செய்ய முடியாது, வேணும்னா அடுத்த முட்டையிலதான் செய்யணும். இதை தெரியாம புதுசா ஆடுறவங்க மேம்படுத்தல் பட்டன் எங்கன்னு வேலிக்குள்ள போய் தேடுவாங்க, நம்ம கையேடே அவங்கள அங்க அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடும்.

லூடியா விட்ட போன் விளையாட்டு (ஜுராசிக் வேர்ல்ட்: தி கேம், 2015) இதுக்கு நேர்மாறு. அங்க தீனி போட்டாதான் லெவல் ஏறும், பத்துல நின்னுடும், அப்புறம் அதே இனத்துல பத்துக்கு வந்த இன்னொண்ணையும் சேர்த்து ஒண்ணாக்குனாதான் மேல போகும். 20-லயும் 30-லயும் மறுபடி இதே கதை. கணக்கு போட்டா ஒரே ஒரு விலங்கு 40-ஐ தொட 8 முட்டை வேணும். தீனி போட்டு வளர்க்குறது ஒரு வேலை, ரெண்டை ஒண்ணாக்குறது இன்னொரு வேலை. ஆக கட்டடம், மரபணு, தீனி, இணைப்பு, நாலுக்கும் மேம்படுத்தல்னு ஒரே சொல்லை போட்டா கையேடு எழுதவே முடியாது, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

நான் முன்வைக்கிறது ஏற்றம். விலையேற்றம், கொடியேற்றம்னு ஏற்கனவே நம்ம வாயில புழங்குற சொல், முன்னாடி எதை சேர்த்தாலும் ஒட்டிக்கும். கட்டடத்துக்கு தரமேற்றம் (பள்ளிக்கூடத்தை தரம் உயர்த்துறாங்கன்னு பேப்பர்ல வருதே, அதே பொருள்), மரபணுவுல செய்யறதுக்கு மரபேற்றம், தீனி போட்டு லெவல் கூட்டுறதுக்கு படியேற்றம், ரெண்டை ஒண்ணாக்குறதுக்கு இணைவேற்றம். பேசும்போதும் எளிசு, "இன்னும் ரெண்டு படி ஏத்து"ன்னு சொன்னா சின்னப் பசங்களுக்கும் புரியும். தரமுயர்த்தலும் நல்ல சொல்தான், ஆனா மரபுயர்த்தல், இணைவுயர்த்தல்னு நீட்டிப் பாருங்க, நாக்குல நிக்காது.

> போன் விளையாட்டில் ரெண்டு விலங்கை ஒண்ணாக்கும் எவால்வ் பட்டனுக்கு ‘பரிணாமம்’ என்று போட்டுவிடலாம், பழகிய சொல்.

ஐயா, இதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், மன்னிக்கணும். பரிணாமம் ஒரு இனத்துக்கு தலைமுறை தலைமுறையா நடக்குறது, தனி ஒரு விலங்குக்கு நடக்குறது இல்ல. ஸ்ட்ரூதியோமைமஸ்ங்கற ஒரு டைனோசர் காலையில தீனி தின்னு சாயங்காலம் பரிணமிச்சிடுச்சுன்னு நாம எழுதுனா, அதை படிக்கிற எட்டாங்கிளாஸ் பிள்ளை அப்படியே மனசுல பதிச்சுக்கும், அப்புறம் அறிவியல் டீச்சர் உட்கார்ந்து அழிக்கணும். டைனோசர் விளையாட்டு ஆடுற பிள்ளைங்கதான் இந்த விஷயத்தை ஆசையா படிக்கிற பிள்ளைங்க, அவங்ககிட்ட போய் தப்பான சொல்லை குடுக்கக்கூடாது. பழைய இங்கிலீஷ் பட்டன்லயே அந்த பிழை இருக்குன்னா அதை நாமளும் சுமக்கணும்னு என்ன அவசியம்?

> நாங்கள் பள்ளிக்கூடத்தில கூர்ப்பு எண்டுதான் படிச்சனாங்கள், அதையும் யோசியுங்கோ.

அக்கா, கூர்ப்பு அழகான சொல், இலங்கைப் பாடநூல் சொற்கள் நிறைய இடத்துல நம்மள விட கச்சிதமா இருக்கும். ஆனா அதே காரணத்துக்காகத்தான் அதையும் பட்டன் மேல போட வேணாம்ங்கறேன். பரிணாமம், கூர்ப்பு ரெண்டையும் கையேட்டுல உண்மையான எவல்யூஷனை பேசுற பக்கத்துக்கு வெச்சுக்கலாம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரட்டும். விளையாட்டோட பேரு மட்டும் எவல்யூஷன்னே இருக்கட்டும், அது பெயர்ச்சொல்.

அடுத்தது ‘ஏர்லி க்ரீச்சர்’. ஒருத்தர் இளம் விலங்குன்னு போட்டிருந்தார், அது வேண்டவே வேண்டாம். இங்க ஏர்லின்னா வயசு இல்ல, ஆட்டத்துல முதல்ல கைக்கு வர்றதுன்னு அர்த்தம். 2025 அக்டோபர்ல வந்த எவல்யூஷன் மூணாவது பாகத்துல நிஜமாவே குட்டிங்க வந்துடுச்சு, பெத்து வளர்த்து பெருசாகுது, அப்ப இளம் விலங்குன்னா எதைன்னு தெரியாம குழம்பிடுவோம். முதல்ல கிடைக்கிறதுக்கு தொடக்க விலங்குன்னே வெச்சுக்கலாம், கிரிக்கெட்ல தொடக்க ஆட்டக்காரர்னு சொல்றோமே, பொருள் டக்குன்னு புரியும். குட்டிக்கு தொல்காப்பிய மரபியல்லயே வழி இருக்கு. பார்ப்பு, பிள்ளைங்கற ரெண்டையும் பறக்குறதோட இளமைக்கு சொல்லிட்டு, தவழுறதுக்கும் அதுவே பொருந்தும்னு அடுத்தாப்புல சொல்லுது. டைனோசரை பறவைக்கும் ஊர்வனவுக்கும் நடுவுல வெச்சு பாக்குறவங்களுக்கு இதைவிட பொருத்தமா ஒண்ணு கிடைக்குமா? தொன்மாப் பார்ப்புன்னு (தொன்மான்னா டைனோசர்) சொல்லிப் பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

சரி, இப்ப யோசனைப் பட்டியலுக்கு வர்றேன், எனக்கு முக்கியமா பட்டது இதுதான்.

இதுவரைக்கும் மடல்ல வந்த யோசனைங்க எல்லாம் எண்ணைக் கூட்டுற யோசனைங்க. தாக்குதல் கொஞ்சம் கூடணும், ஆயுள் கொஞ்சம் கூடணும், பார்வையாளர் மதிப்பு கூடணும்னு. அப்படி கூட்டுனா என்ன ஆகும்னா தொடக்க விலங்கு ஒரு மட்டமான டி-ரெக்ஸ் ஆகும், அவ்வளவுதான். நிஜ டி-ரெக்ஸ் வந்ததும் மறுபடி மூலைக்கு போயிடும். அதுக்கு பதிலா அந்தந்த விலங்கு நிஜத்துல வளரும்போது எப்படி மாறுச்சுன்னு புதைபடிவம் காட்டுதோ அதையே ஏற்றமா குடுங்கன்னு கேக்கலாம். பாக்க வர்ற கூட்டத்துக்கு கண்ணுல தெரியும், பூங்காவுக்கும் அதனால மதிப்பு கூடும், வேற எந்த விலங்காலயும் குடுக்க முடியாத ஒண்ணாவும் இருக்கும்.

ஸ்ட்ரூதியோமைமஸ்ல ஆரம்பிப்போம். எவல்யூஷன் முதல் பாகத்தோட தொடக்கத் தீவான மடான்செரோஸ்ல ஆடுன எல்லாருக்கும் இதுதான் முதல் முட்டை, கதவு தொறந்ததும் சின்னத் தலையை ஒரு பக்கமா சாய்ச்சு பாத்துட்டு நீள காலால எட்டு வெச்சு ஓடும். பேரோட பொருளே நெருப்புக்கோழியைப் போலன்னுதான். முதல் பாகத்துல ஒரு இறகு கூட இல்லாம வழுவழுன்னு வரும். இதோட நெருங்கின சொந்தம் ஆர்னிதோமைமஸ், கனடாவுல ஆல்பர்ட்டாவுல கிடைச்ச படிவங்களை வெச்சு 2012-ல வந்த ஆய்வு என்ன சொல்லுதுன்னா, குட்டியிலயே உடம்பு பூரா மெல்லிசா தூவி மாதிரி இறகு இருந்திருக்கு, ஆனா கையில நீள இறகு வளர்ந்ததோட அடையாளம் பெருசானதுலதான் இருக்கு. பறக்குறதுக்கா இருந்தா குட்டியிலருந்தே வேணுமே, அதனால துணையைக் கவர இல்லன்னா முட்டையை அடைகாக்க இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. இதையே மரபேற்றமா வைங்க: முதல் ஏற்றத்துல உடம்புக்கு தூவி, ரெண்டாவதுல பெருசானப்புறம் கைக்கு நீள இறகு, கூட்டத்துல ஒண்ணுக்கொண்ணு விரிச்சுக் காட்டிக்கிற ஆட்டம். முதல் விலங்கையே ஆட்டத்தோட கடைசி வரைக்கும் வேலிக்குள்ள வெச்சுக்க அது ஒண்ணே போதுமான காரணம்.

எட்மன்டோசாரஸுக்கும் இப்படி ஒண்ணு இருக்கு. ஆல்பர்ட்டாவுலயே கிடைச்ச ஒரு படிவத்துல தலை மேல சேவக்கொண்டை மாதிரி மெத்துன்னு சதை இருந்தது தெரிஞ்சு 2013-ல எழுதுனாங்க, எலும்பு இல்லாததால அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. கொண்டைக்கு நிறம் ஏத்துறதை ஒரு மரபேற்றமா குடுத்தா போதும், சாதுவா மேயுற அந்த விலங்கை தூரத்துலருந்தே அடையாளம் தெரியும்.

ட்ரைசெராடாப்ஸ் இன்னும் சுலபம். ஜாக் ஹார்னரும் மார்க் குட்வினும் 2006-ல காட்டுனது, சின்ன வயசுல புருவக்கொம்பு குட்டையா இருக்கு, கொஞ்சம் வளர்ந்ததும் பின்பக்கமா வளையுது, இன்னும் பெருசானதும் திசை மாறி முன்பக்கமா திரும்புது. மூணாவது பாகத்துல குட்டியிலருந்து வளர்க்கவே முடியுதே, கொம்பு திரும்புற அந்த இடத்தை ஒரு படியேற்றமா வெச்சா வளர்க்குறவன் அதுக்காகவே காத்துக்கிட்டு இருப்பான்.

இதுல எனக்கு ரொம்ப நாளா மனசுல கிடக்குறது மொட்டைமண்டை கூட்டம். ட்ராகோரெக்ஸ், ஸ்டிகிமோலாக், பாக்கிசெஃபாலோசாரஸ், மூணும் முதல் பாகத்துல மூணு தனி விலங்கு, தனித்தனியா புதைபடிவம் தோண்டணும், தனித்தனியா காசு. ஆனா அதே ஹார்னர், குட்வின் 2009-ல சொன்னது இது மூணும் ஒரே விலங்கோட மூணு வயசா இருக்கலாம்னு. தட்டைத் தலையும் நிறைய முள்ளுமா இருக்குற ட்ராகோரெக்ஸ் சின்னது, சின்ன மேடும் நீள முள்ளுமா ஸ்டிகிமோலாக் நடு வயசு, முள்ளு மழுங்கி மண்டை எலும்பு 20 செ.மீ.க்கு மேல தடிச்சுப்போனது பாக்கிசெஃபாலோசாரஸ். எல்லா அறிஞர்களும் இதை ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, குறிப்பா ஸ்டிகிமோலாக் தனி இனம்தான்னு வாதாடுறவங்க இருக்காங்க. அதனால கட்டாயமா ஒண்ணாக்க சொல்ல வேணாம், விருப்பத் தேர்வா குடுக்கட்டும்: ட்ராகோரெக்ஸை படியேத்துனா முள்ளு மெல்ல மெல்ல சுருங்கி மண்டை மேல எழுந்து வர்றதை ஆடுறவங்க கண்ணால பாக்கட்டும். சும்மா ஒரு நம்பர் 10-லருந்து 11 ஆகுறதை விட இது எவ்வளவு மேல! நம்ம படியேற்றம்ங்கற சொல்லுக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேற கிடையாது, கையேட்டுல படத்தோட போடணும்னு கேட்டுக்கறேன்.

போன் விளையாட்டுக்கு யோசனை வேற மாதிரி போகணும். அங்க பலமான விலங்கு ஒரு சண்டை போட்டா மணிக்கணக்கா ஓய்வெடுக்கும், சாதாரண விலங்கு சீக்கிரமே எழுந்து வந்துடும். தொடக்க விலங்கோட சொத்தே அதுதான். படியேத்த ஏத்த அதோட ஓய்வு நேரம் கூடாம இருந்தாலே பெரிய உதவி. இந்த ஓய்வு நேரத்துக்கு, அதாவது கூல்டவுனுக்கு, இளைப்பாறல்னு எழுதலாம்னு நினைக்கறேன்.

> வயபிலிட்டிக்கு ‘நம்பகத்தன்மை’ என்று எழுதியிருக்கிறேன்.

இது மாத்தியே ஆகணும் ஐயா. எவல்யூஷன் முதல் பாகத்துல, புதைபடிவத்துலருந்து எடுக்குற மரபணுத்தொகை 50 சதவீதம் சேர்ந்ததும் முட்டை வைக்க விடும், அதுக்கு மேல சேர சேர மரபேற்றம் செய்ய இடம் கிடைக்கும், ஆனா ஒவ்வொரு மரபேற்றமும் முட்டை பிழைச்சு வர்ற வாய்ப்பை குறைச்சுக்கிட்டே போகும், பொரியலன்னா போட்ட காசு போச்சு. முட்டை பொரியுமா பொரியாதாங்கறதுதான் கேள்வி, நம்புறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. பொரிதிறன்னு வைக்கலாம். "பொரிதிறன் 60-க்கு கீழ போச்சுன்னா மரபேற்றத்தை கொஞ்சம் குறைச்சுக்கோ"ன்னு கையேட்டுல எழுதிப் பாருங்க, விளக்கமே வேண்டியதில்ல. தொடக்க விலங்கோட முட்டை விலை குறைவுங்கறதால பொரிதிறன் இறங்குனாலும் நஷ்டம் தாங்கும், அதனால மரபேற்றம் பழகுறதுக்கு ஸ்ட்ரூதியோமைமஸ்தான் சரியான இடம், அந்த வரியையும் கையேட்டுல சேர்த்துடுங்க.

ஆட்சேபம் இருந்தா இந்த வாரக் கடைசிக்குள்ள எழுதிடுங்க, இல்லன்னா தரமேற்றம், மரபேற்றம், படியேற்றம், இணைவேற்றம், தொடக்க விலங்கு, பொரிதிறன் இதெல்லாம் சொல் பட்டியல்ல சேர்த்துடறேன். இளைப்பாறலும் பார்ப்பும் இன்னும் ரெண்டு பேர் சொன்னா சேர்க்கலாம்.

ஹைப்ரிட் பாக்கி இருக்கு. கலப்பினம்னு பாடநூல்ல இருக்கறது சரிதான், ஆனா போன் விளையாட்டுல ரெண்டு வெவ்வேற இனத்தை 40-க்கு கொண்டுபோய் சேர்க்குறதும் ஒரு வகை இணைவுதான், இணைவேற்றத்தோட மோதுது. ஒரே இனத்தை சேர்த்தா இணைவேற்றம், வேற இனத்தை சேர்த்தா கலப்புன்னு பிரிச்சா போதுமா? அக்கா, உங்க ஊர் பாடநூல்ல இதுக்கு என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க.