சிவில் உரிமைப் பயிற்சி, 10 ஞாயிறு: எதை முதலில் வைப்பது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் கிளை நூலக மாடியில் 16 முதல் 20 வயது வரை உள்ள 24 பேருக்கு சிவில் உரிமைப் பயிற்சி நடத்தப் போகிறோம். 10 ஞாயிற்றுக்கிழமை, காலை 10 முதல் 12.30 வரை. பாதிப் பேர் பிளஸ் டூ, மீதிப் பேர் பாலிடெக்னிக், கலைக்கல்லூரி.

இப்போதைய திட்டம்: முதல் 4 வாரம் அரசியலமைப்புச் சட்டம், அடுத்த 3 வாரம் போலீஸ், கைது, ஜாமீன், கடைசி 3 வாரம் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்), ஆர்ப்பாட்ட அனுமதி. இந்த வரிசை சரியா? 18 ஆகாதவர்கள் ஆர்.டி.ஐ. மனு போடலாமா? "கேஸ் கீஸ் ஆயிடுமா" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

மனு எழுத்தர்

வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். ஆர்.டி.ஐ. மனுவுக்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் இருக்கிறது. 8ஆவது வாரம் மனு போட்டால் பதில் வரும்போது வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்திருப்பார்கள். பல பயிற்சிகள் வீணாவது இந்த இடத்தில்தான். முதல் ஞாயிறே எழுதிவிட வேண்டும், திங்கள்கிழமை தபாலில் சேர வேண்டும். 5 அல்லது 6ஆம் வாரம் பதில் கையில் இருக்கும். வராவிட்டாலும் நல்லதே: பிரிவு 19(1)படி முதல் மேல்முறையீட்டை 6ஆம் வாரம் வகுப்பிலேயே எழுதலாம். அதற்குப் பதில் தரவும் 30 நாள் கெடு, காரணம் எழுதி 45 நாள் வரை நீட்டலாம். பதிலே வராத மனுவை விடாமல் துரத்தப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரிய பாடம்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். சட்டம் "குடிமக்கள்" என்று மட்டும்தான் சொல்கிறது, வயது வரம்பு கிடையாது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை, பிரிவு 6(2).

கேள்வி எழுதுவதில்தான் கோட்டை விடுவார்கள். முதல் வரைவில் பாதிப் பேர் "எங்கள் தெருவில் ஏன் விளக்கு எரிவதில்லை?" என்றுதான் எழுதுவார்கள். ஏன் என்ற கேள்விக்கு அலுவலகம் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் தர வேண்டும். அதையே இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "1.4.2024 முதல் 31.3.2025 வரை 7ஆவது வார்டு தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவான தொகை. பணி ஆணைகளின் நகல். எம்-புக்கில் (அளவீட்டுப் புத்தகம்) அந்தப் பணிக்கான பக்கங்களின் நகல். அந்த வார்டில் இருந்து வந்த புகார்ப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்." தேதி, வார்டு, ஆவணத்தின் பெயர் மூன்றும் இருந்தால் நழுவ இடமிருக்காது. ஒரு மனுவில் 4 கேள்விக்கு மேல் வேண்டாம். ஊழியர்களின் சொந்த விவரங்களைக் கேட்டால் அந்த ஒரு வரியைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி மனு திரும்பி வருவது அடிக்கடி நடக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அஞ்சல், ரயில்வே போன்ற மத்திய அலுவலகங்களுக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் வேண்டும். ஒப்புகை அட்டை சேர்த்து அனுப்பி, ஆளுக்கு ஒரு ஃபைல் கொடுங்கள்: மனு நகல், தபால் ரசீது, திரும்பி வரும் ஒப்புகை அட்டை. மேல்முறையீட்டுக்கு இந்த மூன்றும் வேண்டும். 30 நாள் தாண்டி வரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது, பிரிவு 7(6). பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் முதலில் தேதியை எண்ணச் சொல்லுங்கள்.

கோர்ட் வாசல்

போலீஸ் வகுப்புக்கு ஒரு எச்சரிக்கை. சுற்றில் இருக்கும் தமிழ்க் கையேடுகள் பலவும் பழைய சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) எண்களில் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. கைது செய்யாமல் நேரில் வரச் சொல்லும் 41ஏ நோட்டீஸ் இப்போது 35(3). கைது விவரத்தை எழுதும் கைது மெமோ 36. கைதின் காரணத்தைச் சொல்வது 47, உறவினருக்குத் தகவல் 48, வக்கீலைச் சந்திப்பது 38, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேர வரம்பு 58. எண் மாறியதே தவிர, அடித்தளம் அரசியலமைப்பின் 22ஆவது பிரிவும் 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் கைது குறித்து உச்ச நீதிமன்றம் தந்த கட்டளைகளும்தான்.

இதை விரிவுரையாக நடத்தாதீர்கள். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் போலீஸ், ஒருவர் பிடிபட்டவர், மூன்றாமவர் பார்ப்பவர். பார்ப்பவர் கையில் ஒரு தாள். பெயர்ப் பட்டையில் என்ன பெயர், எத்தனை மணி, எந்த இடம், என்ன காரணம் சொன்னார், எந்த ஸ்டேஷன்? ஐந்து நிமிடம் நடிப்பு, அதன் பிறகு பார்ப்பவர் வாசிக்க வேண்டும். முதல் சுற்றில் நேரத்தை யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அதை உணர்ந்ததும் இரண்டாவது சுற்று தானாகவே மாறிவிடும்.

பெயர், முகவரி கேட்டால் சொல்ல வேண்டும், சரியாகவும் சொல்ல வேண்டும். "எனக்கு மௌன உரிமை இருக்கு" என்று அதையும் மறுத்தால், போலீஸ் கண்ணெதிரே நடந்த சிறு குற்றத்துக்குக்கூட பி.என்.எஸ்.எஸ். பிரிவு 39படி கைது செய்யலாம். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குத்தான் பதில் சொல்லாமல் இருக்கலாம். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பிரிவு 181. வெள்ளைத் தாளில் ஒருபோதும் கூடாது. கைது மெமோவில் மட்டும், நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக அழுத்திச் சொல்லுங்கள்: சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, பிரிவு 179. சூரியன் மறைந்த பிறகு, விடியும் முன் பெண்ணைக் கைது செய்வது விதிவிலக்கான நிலையில்தான். பெண் அதிகாரி எழுத்து மூலம் அறிக்கை தந்து மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

பழைய தீர்ப்பு

அரசியலமைப்புக்கு 4 வாரம் அதிகம், 2 வாரம் போதும். பிரிவுகளை ஒப்பிக்க வைப்பதற்குப் பதில் மெட்ராஸ் மாநிலத்தில் பிறந்த மூன்று வழக்குகளை எடுங்கள். 1950இல் ஏ.கே.கோபாலன் (விசாரணையின்றி அடைத்து வைக்கும் தடுப்புக் காவல்), அதே ஆண்டு ரொமேஷ் தாப்பர் (மெட்ராஸ் அரசு 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மாநிலத்துக்குள் வரத் தடை போட்டது), 1952இல் வி.ஜி.ராவ்.

உங்கள் வகுப்புக்கு மூன்றாவதுதான் உயிர். 'மக்கள் கல்விச் சங்கம்' என்ற அமைப்பை 1950 மார்ச்சில் மெட்ராஸ் அரசு சட்டவிரோதம் என்று அறிவித்தது. சங்கத்தின் பொதுச் செயலாளர் வி.ஜி.ராவ் வழக்குப் போட்டார், 31.3.1952 அன்று உச்ச நீதிமன்றம் அரசு கையாண்ட சட்டப் பிரிவையே செல்லாது என்றது. அந்தப் பிரிவின்படி தடையை கெஜட்டில் போட்டால் போதும், சங்கத்தாரிடம் நேரில் தர வேண்டியதில்லை. நீதிமன்றம் ஆராயவும் வழியில்லை, ஓர் ஆலோசனைக் குழு பார்த்தால் முடிந்தது. இப்படி ஒரு சங்கத்தை முடக்குவது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். பாதிப் பேர் அரசுத் தரப்பு, பாதிப் பேர் சங்கத் தரப்பு, 20 நிமிட வாதம், பிறகு தீர்ப்பு. அரசுத் தரப்புக்கு நன்றாகப் பேசும் பிள்ளைகளைப் போடுங்கள், இல்லாவிட்டால் வாதம் சப்பென்று போகும். கோபாலன் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றதையும், 1978இல் மேனகா காந்தி வழக்கில் அந்தப் பார்வை மாறியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 28 ஆண்டு ஆயிற்று என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைகைக்கரை

ரொம்ப நன்றி. வரிசையை மாற்றிவிடுகிறேன். ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு நாள் நேரில் கூட்டிக்கொண்டு போகலாமா? பெற்றோர் கேள்விக்கும் இன்னும் பதில் வேண்டும்.

கோர்ட் வாசல்

18 ஆகாதவர்களைப் பயிற்சியின் பெயரில் கூட்டிப் போகாதீர்கள். அவர்களுக்கு உரிமை இல்லை என்பதால் அல்ல. நீங்கள் கூட்டிப் போனால் முடிவு உங்களுடையது, விளைவு அவர்களுடையது. அனுமதிக் கடிதம் எழுதுவது வரை வகுப்பிலேயே செய்யலாம்: இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் யார். ஒரு வாரமாவது முன்னால் கொடுத்து, நகலில் ஸ்டேஷன் சீல் வாங்குவதுதான் முக்கியம்.

பெற்றோரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆர்.டி.ஐ. போட்டதற்காக வழக்கு வராது. அனுமதி இல்லாத கூட்டத்தில் நின்றால், கைதாகி கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து மாலையில் விடுவார்கள். அதோடு முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கலாம், வேலைக்கான சரிபார்ப்பு வரும்போதுதான் தெரியும். மண்டபத்தை விட்டு வெளியே வரும் முன் எஃப்.ஐ.ஆர். உண்டா, எண் என்ன என்று கேட்க வேண்டும். அடுத்த நாள் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தடை உத்தரவை மீறியதாக மட்டும் (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 188, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ். 223) எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், போலீஸ் அப்படிப் போட முடியாது என்று ஜீவானந்தம் வழக்கில் 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீலிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும்.

18க்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிச் சட்டம், 2015. லாக்கப்பில் வைக்கவே கூடாது, பிரிவு 10. மிகக் கொடிய குற்றத்துக்குப் பெரியவர்போல் விசாரிக்கப்படும் 16 வயதுக்கு மேற்பட்டவர் தவிர, யாருக்கும் இந்தச் சட்டப்படி வந்த தீர்ப்பால் பின்னாளில் தகுதியிழப்பு வராது, பிரிவு 24. பெற்றோர் கூட்டத்தில் இதை வாய்ச்சொல்லாக விடாமல் தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

மனு எழுத்தர்

ஒன்று விட்டுப்போச்சு. சம்மதக் கடிதத்தில் போட்டோவுக்குத் தனி வரி வையுங்கள், மனுவோடு பிள்ளையின் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. மனுவில் அனுப்புநர் முகவரி கட்டாயம், ஆனால் வீட்டு முகவரியாக இருக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளுக்கு நூலக முகவரியைப் போடலாமா என்று நூலகரிடம் முதல் ஞாயிறுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.