Re: கார்டியோவாஸ்குலர் ரிஸ்க் கால்குலேட்டர் - தமிழ்ல என்ன?

> "இதய அபாயக் கருவி"ன்னு வைக்கலாம், எல்லாருக்கும் புரியும்

புரியும்தான் ஐயா, ஆனா தப்பா புரியும். அபாயம்னு கேட்டா இப்பவே ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னு தோணும். இது சொல்றது வேற விஷயம், வயசு, பிரஷர், கொலஸ்ட்ரால், சுகர், சிகரெட் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு அடுத்த 10 வருஷத்துல மாரடைப்போ பக்கவாதமோ வர எத்தனை சதவீதம்னு சொல்லுது, அவ்வளவுதான். "வாய்ப்பு"ன்னு போட்டா லாட்டரி விழப்போற மாதிரி இருக்கு :) அதனால "இடர்"தான் என் ஓட்டு.

> வெப்பமானி மாதிரி "இடர்மானி"?

இதுக்குத்தான் நான் கடுமையா மறுப்பு சொல்லுவேன். மானின்னா உள்ளே ஏற்கெனவே இருக்கிறதை அளக்குறது. இங்க அளக்க ஒண்ணும் இல்ல, உங்கள மாதிரி ஆயிரக்கணக்கானவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாத்து உங்களுக்குச் சொல்றாங்க. 1948-ல அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம் ஊர்க்காரங்கள வச்சு ஆரம்பிச்ச ஆய்வுதான் இதுக்கெல்லாம் தாய், ஆனா அதுலேருந்து வந்த சூத்திரத்தை வேற ஊர் ஜனங்களுக்குப் போட்டா கூடவோ குறையவோ காட்டுது, அதனாலதான் பிரிட்டன்ல கியூரிஸ்க்னு தனியா ஒரு கருவி செஞ்சுக்கிட்டாங்க, 2019-ல உலக சுகாதார நிறுவனமும் 21 பகுதிக்குத் தனித்தனியா அட்டவணை போட்டாங்க. அதுல லேப் வசதி இல்லாத இடத்துக்கு கொலஸ்ட்ராலுக்குப் பதிலா உயரம் எடை வச்சு பாக்குற அட்டவணையும் உண்டு. ஆக ஒரே ஆளுக்கு கருவிக்குக் கருவி நம்பர் மாறும். எந்த மானி அப்படி மாறும்? "கணிப்பு"ல கணக்கும் இருக்கு, முன்கூட்டிச் சொல்றதும் இருக்கு. *இடர்கணிப்பி*.

> டாக்டர் ஸ்கிரீன்ல தானா வர்ற ஆலோசனைக்கு "முடிவெடுப்பான்"

ஐயோ வேணாம். முடிவு டாக்டரும் நோயாளியும் சேர்ந்து எடுக்கிறது. 2014-ல இங்கிலாந்துல ஸ்டேட்டின்ங்கிற கொலஸ்ட்ரால் குறைக்கிற மாத்திரை பத்திப் பேச ஆரம்பிக்கிற வரம்பை 20%லேருந்து 10%க்கு இறக்கினாங்க, அன்னிக்கு யார் ரத்தக்குழாயும் மாறல, கோடு போட்டது மனுஷங்கதான். கருவி பழைய ரெக்கார்டைத் தோண்டி "இவருக்கு பிரஷர் பாத்து ரொம்ப நாளாச்சு"ன்னு சொல்லும், நம்பர் காட்டும், சிகரெட்ட விட்டா எவ்வளவு குறையும்னு போட்டுக் காட்டும். அது *முடிவுத்துணை*. அது அடிக்கடி ஸ்கிரீன்ல எட்டிப் பாத்தா டாக்டருங்க படிக்காமலே மூடிடுவாங்க, அந்த நோவுக்கு *எச்சரிக்கைச் சலிப்பு*ன்னு வச்சுக்கலாம்.

----
Re: Re:

இடர்கணிப்பி எனக்கு ஓகேங்க, டிக் பண்ணிட்டேன். ஆனா க்ளினிக்ல உக்காந்திருக்கிறவ சொல்றேன், மெனுவுலயும் கையேட்டுலயும் மட்டும் போடுங்க. நோயாளி பக்கம் திருப்பிக் காட்டுற ஸ்கிரீன்ல இடரும் வேணாம் சதவீதமும் வேணாம், "உங்கள மாதிரி 100 பேர்ல 12 பேருக்கு வரலாம்"னு எழுதி 100 பொம்மை போட்டு 12-ஐ மட்டும் கலர் பண்ணிடுங்க. சதவீதம்னு சொன்னா பரீட்சை மார்க்குன்னு நெனச்சு, 100க்கு 12தானே, கம்மிதானேன்னு சந்தோஷமா கெளம்பிடறாங்க.